அதிபர் வீட்டு றங்குப்பெட்டி: முன்னாள் கல்லூரி அதிபர் ஒருவரின் சொந்த, குடும்ப ஆவணங்களைப் பேண வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் கல்லூரி அதிபராக இருந்த ஒருவர் காலமானால், அந்தியேட்டி முடிந்த கையோடு வீட்டில் ஒரு கேள்வி எழும்: இவ்வளவு கடதாசியையும் என்ன செய்வது? அலுமாரி நிறையக் கோவைகள், கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டி, விறாந்தை மூலையில் வாய் கட்டிய உரப்பை ஒன்று. பிள்ளைகள் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கொஞ்ச நாள் லீவில் வந்திருப்பார்கள். திரும்பிப் போகமுன் வீட்டைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்று நினைப்பார்கள். அந்த அவசரத்தில்தான் அதிகம் எரிகிறது.

வேறு ஊர்களில் ஓர் அதிபர் வீட்டுக் கடதாசி என்றால் அது அவருடைய சொந்தக் கடதாசி. வன்னியில் அப்படியில்லை. போரால் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இடப்பெயர்வு, 1996இல் கிளிநொச்சியை விட்டு எழும்பியது, கடைசியாக 2008, 2009 என்று பள்ளிக்கூடங்களே ஊர் ஊராக நகர்ந்தன. கட்டடம் இல்லாத காலத்தில் கல்லூரி அலுவலகம் அதிபரின் கையிலிருந்த பைதான். ஆகவே இங்கே எஞ்சியிருப்பவை தற்செயலாகத் தப்பியவை அல்ல. எதை விடுவது, எதைக் காவுவது என்று ஒருவர் ஓடும்போதே தீர்மானித்து எடுத்தவை. அந்தத் தீர்மானமும் ஓர் ஆவணம். எது எதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது என்பதைக் குலைத்துவிட்டால் அந்த ஆவணம் போய்விடும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

படி 1: முதலில் ஆட்களோடு பேசுங்கள்

அதிபரின் மனைவி இருக்கிறார் என்றால் முதல் சொல் அவருடையது. பிறகு பிள்ளைகள் எல்லோரும். ஒருவர் சம்மதித்து மற்றவர் பின்னால் கோபித்துக்கொண்டால் பாதியில் எல்லாம் நின்றுவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகச் சம்மதம் வாங்கினால் போதாது. யார் பொறுப்பு, யார் வேலை செய்யப்போகிறார், எதை வெளியாருக்குக் காட்டலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பட்டும்.

எரிக்க வேண்டும் என்று சொல்கிறவரோடு வாதாட வேண்டாம். “ஆறு மாதம் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பிறகு பார்ப்பம்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அது போதும்.

படி 2: தொடமுன் படமெடுங்கள்

அலுமாரியின் ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு லாச்சியையும், பெட்டியின் மூடியைத் திறந்ததும் தெரியும் மேல் அடுக்கையும் போனில் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு கொள்கலனுக்கும் ஓர் இலக்கம். றங்குப்பெட்டி 1, அலுமாரி 2, உரப்பை 3 என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போட்டால் சரி. பேனை வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறிப் பக்கத்துத் தாளையும் கெடுக்கும்.

உரப்பையைத் தலைகீழாகக் கொட்டாதீர்கள். மேலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து, எடுத்த வரிசையில் மேசையில் வையுங்கள்.

படி 3: இன்னும் தேவைப்படும் பத்திரங்களைப் பிரித்தெடுங்கள்

குடும்பம் இன்றைக்கும் அலுவலகங்களுக்குக் கொண்டு போகவேண்டிய பத்திரங்கள் இந்தக் குவியலில்தான் கிடக்கும். காணி உறுதி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிற், பிறப்பு, இறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வேண்டிய கடிதங்கள். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், சம்பள மாற்றக் கடிதங்கள் பழையவை என்று ஒதுக்க வேண்டாம். ஓய்வூதியக் கணக்கில் ஏதும் பிழை வந்தால் அவற்றைத்தான் கேட்பார்கள்.

குடும்பத்தில் யாராவது காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், செஞ்சிலுவைச் சங்கப் பதிவுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்ட இலக்கம், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கடிதங்கள் எல்லாம் வரும். இவற்றின் மூலப்பிரதி ஒருபோதும் வீட்டை விட்டு வெளியேறக்கூடாது. எந்த நூலகமோ ஆய்வாளரோ கேட்டாலும் பிரதி மட்டும் கொடுங்கள்.

எடுத்த இடத்தில் “இங்கிருந்த காணிப் பெர்மிற் குடும்பக் கோவைக்கு மாற்றப்பட்டது” என்று ஒரு துண்டு வைக்க மறக்க வேண்டாம்.

படி 4: ஈரம், பூஞ்சணம், கறையான்

மாரியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை வன்னிக் காற்றே ஈரம். மாசிக்குப் பிறகு, சோளகம் வீசும் மாதங்கள் நல்லவை.

பூஞ்சணம் பிடித்த கட்டுகளை மற்றவற்றிலிருந்து உடனே விலக்கி, முகக்கவசம் போட்டு, வெளியே நிழலில் காயவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஈரத்தோடு துடைத்தால் பூஞ்சணம் தாளுக்குள் அப்பிவிடும். நேர்வெயிலில் போடுவது நம் வழக்கம், ஆனால் வெயில் மையை மங்கச் செய்து தாளை அப்பளமாக்கிவிடும். மரநிழலும் காற்றோட்டமும் போதும். புதிதாக நனைந்தவற்றை இரண்டு நாளுக்குள் காயவைக்க வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சணம் முந்திவிடும். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் புகுந்த வீடுகளில் இன்னும் சேறு காய்ந்தபடியே கோவைகள் இருக்கலாம். அந்தச் சேற்றைக் கழுவ நினைக்காமல், காய்ந்த நிலையிலேயே தூரிகையால் உதிர்த்துவிடுங்கள்.

வெள்ளிப்பூச்சியும் இராமபாணமும் இருந்தால், கட்டைப் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்த்தாளில் ஈரம் படியும். நிழற்படக் கண்ணாடித் தகடுகளும் ஒலிநாடாக்களும் ஃபிரீசருக்குப் போகக்கூடாது. வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்ததைத் துணிப்பையில் போட்டு வையுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

கறையானுக்கு மருந்தை விட இடம் முக்கியம். சுவரில் முட்டாத இரும்பு றாக்கை, நிலத்திலிருந்து ஒரு சாணாவது உயர்ந்த கீழ்த்தட்டு, மாதம் ஒருமுறை கால்களைச் சுற்றி மண்கோடு ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை. றங்குப்பெட்டியை நிலத்தில் வைத்து வருடக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் ஆகக் கூடாது. உள்ளே ஈரம் அடைபட்டு, தகரம் துருப்பிடித்து, அந்தத் துரு தாளில் இறங்கும்.

படி 5: பள்ளிக்கூடத்துக்குரியது எது?

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். லொக் புத்தகம் (கல்லூரி நிகழ்வுகளை அதிபர் பதியும் புத்தகம்), சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, பொருட்பதிவேடு, விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டைகள் ஆகியவை கல்லூரியின் சொத்து. அதிபர் களவெடுத்துக்கொண்டு போனார் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. சேர்வு இடாப்பு தொலைந்தால் ஒரு பிள்ளை தான் எந்த வகுப்பு வரை படித்தது என்று நிறுவ வழியில்லை, விடுகைப் பத்திரம் எடுக்க முடியாது. அதனால்தான் அதிபர்கள் அதைத் துணிமணிக்கு முன்னால் பைக்குள் வைத்தார்கள்.

இவற்றை முதலில் ஸ்கான் செய்யுங்கள். பிறகு இன்றைய அதிபரிடம் நேரில் கையளித்து, பட்டியலின் ஒரு பிரதியில் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பற்றுச்சீட்டும் இனி இந்தத் தொகுப்பின் ஒரு பகுதி.

அதிபரின் நாட்குறிப்பு, பரிசளிப்பு விழா அறிக்கைகளின் கையெழுத்துப் படி, உரைக் குறிப்புகள், தனக்காக எடுத்து வைத்த நேரசூசி, ஆசிரியர்கள் அவருக்குத் தனிப்பட எழுதிய கடிதங்கள் குடும்பத்துக்கே உரியவை. திணைக்களச் சுற்றுநிருபங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஓரத்தில் அவர் கைப்பட ஏதும் எழுதியிருந்தால் வைத்திருங்கள். வெறும் றோனியோப் பிரதி (பழைய படியெடுக்கும் இயந்திரத்தில் எடுத்தது) என்றால் கல்லூரியிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

படி 6: அவர் வைத்த ஒழுங்கு, நீங்கள் வைக்கும் ஒழுங்கு

அதிபர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவர்கள். கோவை முகப்பில் அவரே தலைப்பு எழுதியிருப்பார். அந்தத் தலைப்பையும் உள்ளே உள்ள வரிசையையும் மாற்ற வேண்டாம். “திகதிப்படி அடுக்கினால் வடிவாக இருக்கும்” என்று தோன்றும். வடிவாக இருக்கும், ஆனால் அவர் ஏன் ஒரு பெற்றோரின் முறைப்பாட்டையும் ஒரு விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரலையும் ஒன்றாகக் குத்தி வைத்தார் என்பது இனி ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

ஒழுங்கே இல்லாத குவியலுக்கு மட்டும் நீங்கள் பிரிவுகள் வகுக்கலாம். எனக்கு வசதியாகப் படுவது இது: கல்வியும் தொழிலும், கல்லூரிப் பணி, ஊர்ப்பணி, குடும்பம், படங்களும் ஒலிநாடாக்களும், இடப்பெயர்வுக் கட்டு (ஓடும்போது ஒன்றாகக் கட்டிக் காவியது). ஊர்ப்பணி என்ற பிரிவை விட்டுவிடாதீர்கள். வன்னியில் அதிபர் என்றால் கோயில் பரிபாலன சபை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று எல்லாவற்றிலும் செயலாளராகவோ தலைவராகவோ இருந்திருப்பார். அந்தச் சங்கங்களின் கூட்டறிக்கைகள் வேறெங்கும் தப்பியிராது.

குடும்பப் பிரிவில் சாதகங்கள், சீதன உறுதி, கலியாணச் செலவுக் கொப்பி, வெளிநாட்டுப் பிள்ளைகளின் ஏரோகிராம்கள், உறவினரின் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) வரும். முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டை ஒன்றுகூட எறிய வேண்டாம், அதிலுள்ள வம்சாவளிதான் கடிதங்களில் வரும் பெயர்களை விளங்க உதவும். ஆனால் அதிலுள்ள ஆண்டுகளை அப்படியே நம்பாமல் நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். துக்கத்தில், அச்சகத்துக்கு ஓடும் அவசரத்தில் எழுதப்பட்டது அது.

இடப்பெயர்வுக் கட்டை மட்டும் பிரிக்கவே கூடாது. அப்படிப்பட்ட ஒரு கட்டைத் திறந்தால் இப்படி இருக்கும்: வெளியே இரண்டு சுற்றுப் பொலித்தீன், ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டியது. உள்ளே முதலில் குடும்ப அட்டையும் நிவாரண அட்டையும். அடுத்து அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள். நடுவில் அல்பத்திலிருந்து கழற்றிய கலியாணப் படம் ஒன்று, பின்பக்கம் அல்பப் பசையோடு கிழிந்த கறுப்புத் தாள் ஒட்டியபடி. அதற்குக் கீழே பட்டச் சான்றிதழ். ஆக அடியில் நாலாக மடித்த கொப்பித் தாள், இரண்டு பக்கமும் மாணவர் பெயர்கள், சில பெயர்களுக்கு நேரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பரீட்சைக் கட்டணமா, வரவா, வேறு எதுவுமா என்று தாளே சொல்லாது. இவற்றைச் சான்றிதழ் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினால் தனித்தனியாக நல்ல பொருட்கள் கிடைக்கும், அவர்கள் ஓடிய அந்த ஒரு இரவு கிடைக்காது. படி 3இன்படி வெளியே எடுக்க வேண்டியது இருந்தால் முழுக் கட்டையும் வரிசையாகப் படமெடுத்து, எடுத்த பத்திரத்தின் பிரதியை அதே இடத்தில் வையுங்கள்.

படி 7: திகதியில்லாத கடதாசிக்குத் திகதி

கடிதத் தலைப்பை நன்றாகப் பாருங்கள். சைவ வித்தியா விருத்திச் சங்கத்தினதோ மிஷனினதோ முகாமையாளர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்றால் பெரும்பாலும் 1960க்கு முன். அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால்தான் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆங்கில முத்திரையில் சிலோன் என்று இருந்தால் 1972 மே 22க்கு முன் செய்த முத்திரை.

முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய கடிதங்களில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருக்கும். வடக்கு கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் என்ற தலைப்பு 1988க்கும் 2006 முடிவுக்கும் இடையில். வட மாகாணம் என்று தனியாக வந்தால் 2007இலிருந்து. முகவரியில் இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்ற பெயர்களில் நலன்புரி நிலையம் வந்தால் அது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், ஏறத்தாழ 2009இலிருந்து, கடைசியாகப் போனால் 2012 செப்டெம்பர். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் இருந்தால் 2016இலிருந்து.

பழைய தலைப்புத் தாளைத் தீரும்வரை பாவிப்பது அதிபர்களின் பழக்கம் என்பதால் இவை எல்லாம் ஒரு பக்க எல்லையைத்தான் தரும். கண்டுபிடித்த ஆண்டைப் பட்டியலில் எழுதுங்கள், ஊகித்தது என்று தெரியக் கேள்விக்குறி போடுங்கள். தாளில் எழுதாதீர்கள்.

படி 8: குண்டூசி முதல் பெட்டி வரை

துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் மெதுவாகக் கழற்றி, சேர்ந்திருந்த தாள்களை மடித்த வெள்ளைத் தாளுக்குள் ஒன்றாக வையுங்கள். பழைய செலோரேப்பைப் பிய்க்க வேண்டாம், புதிதாக ஒட்டவும் வேண்டாம். லாமினேற் செய்யவே வேண்டாம், திரும்ப எடுக்க முடியாது. ஏற்கெனவே செய்திருந்தால் அப்படியே விடுங்கள். மினுங்கும் பிளாஸ்டிக் கோவைகளில் போட்டோப் பிரதியின் எழுத்து ஒட்டிக்கொள்ளும், அவற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபாக்ஸ் தாள் மங்கிக்கொண்டே போகும், இன்றைக்கே பிரதி எடுங்கள்.

அமிலமில்லாத பெட்டி கிளிநொச்சிக் கடையில் கிடைக்காது. பரவாயில்லை. உறுதியான மட்டைப் பெட்டிக்குள் நல்ல ஏ4 தாளால் உட்புறம் விரித்து, மேலே வெளுத்த பருத்தித் துணி போட்டால் போதும்.

ஒட்டும் பக்கங்கள் உள்ள அல்பத்திலிருந்து படத்தை இழுக்காமல் பக்கத்தோடு படமெடுங்கள். பெரிய பிரதி ஒன்று எடுத்து அதில் தலைகளுக்கு இலக்கமிட்டு, நினைவுள்ள பெரியவர்களிடம் கொண்டுபோங்கள். “அம்மா, இதிலை கரையிலை நிக்கிறவ ஆர்? இது எந்தக் கட்டடத்துக்கு முன்னாலை எடுத்தது?” என்று கேட்டால் ஆட்களோடு இடமும் வரும். இந்த வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மற்றப் படிகளுக்கு முன்னால் செய்தாலும் சரி.

படி 9: ஸ்கான்

எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, படங்களுக்கு 600. ஸ்கானர் இல்லாவிட்டால் போனே போதும், யன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். ஆனால் ஸ்கான் செயலிகள் தாமாகவே கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள், பென்சில் குறிப்புகள் காணாமல் போய்விடும். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் பரீட்சைத் தாளின் முதுகில் எழுதியவர்கள் நாம்.

கோப்புப் பெயரில் எண்கள் மட்டும்: பெட்டி, கட்டு, தாள். 03-02-0015 என்றால் உரப்பை 3, இரண்டாவது கட்டு, பதினைந்தாவது தாள். மூன்று பிரதி வேண்டும்: வீட்டு ஹாட் டிஸ்க்கில் ஒன்று, வெளிநாட்டுப் பிள்ளையிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. அதிபரின் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால் மூலத்தை வைத்துக்கொண்டு ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரு பிரதி மாற்றுங்கள், இல்லாவிட்டால் தேடவே முடியாது.

படி 10: பட்டியல்

தாளுக்குத் தாள் எழுதப் புறப்பட்டால் ஒருபோதும் முடியாது. கட்டுக்கு ஒரு பதிவு போதும். இப்படி:

03-02. இடப்பெயர்வுக் கட்டு. குடும்ப அட்டை, நிவாரண அட்டை, சான்றிதழ்கள், கலியாணப் படம், மாணவர் பெயர்ப் பட்டியல். 1996–2009? உரப்பையின் நடுவில் இருந்தது. மூன்று தாளில் ஈரக்கறை. பெயர்ப் பட்டியல் மூடியது.

எங்கே இருந்தது, என்ன நிலை, யார் பார்க்கலாம் என்ற மூன்றையும் எழுதாத பட்டியல் கடைச் சிட்டைதான்.

படி 11: மூடி வைக்க வேண்டியவை

மாணவர் ஒழுக்காற்று விசாரணை, ஆசிரியர் மீதான முறைப்பாடு, நோய் பற்றிய கடிதம், வீட்டுப் பிரச்சினையை அதிபரிடம் கொட்டிய தாயின் கடிதம். அதிபரை நம்பி எழுதியவை இவை. எழுதியவர்கள் இன்னும் பக்கத்து ஊரில் இருப்பார்கள். தனி உறையில் போட்டு ஒட்டி, எந்த ஆண்டு வரை திறக்கக்கூடாது என்று வெளியே எழுதுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் ஆயுட்காலம் கணக்கில் வரவேண்டும், பத்து வருடம் போதாது.

போர்க்காலத் தாள்கள் இன்னும் கவனம். எந்த மாணவன் எங்கே போனான், யார் யாருக்காகப் பேசினார் என்பதும், அக்கால விடுதலைப் புலிகள் நிருவாகத்தின் பாஸ் (பயண அனுமதி), நீதிமன்றப் பத்திரம் போன்றவையும் இணையத்துக்குப் போகக்கூடாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நினைத்துப் பலர் பயந்து எரித்துவிடுகிறார்கள். பயத்தைக் குறை சொல்ல முடியாது. எரிக்கமுன் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்று: அதிபருக்கு வந்த கடிதத் தாள் குடும்பத்தினுடையது, ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அதன் பதிப்புரிமை எழுதியவருடையது, அவர் இறந்து 70 ஆண்டு வரை. வெளியிடுவதென்றால் அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்க வேண்டும்.

படி 12: எங்கே வைப்பது?

மூலப்பிரதி வன்னியிலேயே இருக்க வேண்டும், பிரதிகள் எங்கும் போகலாம் என்பது என் நிலைப்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் குவிக்கச் சொல்லமாட்டார்கள். 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் கல்லூரி மலர்கள், கல்வெட்டுகள், தனியார் ஆவணங்களை எண்ணிம வடிவில் ஏற்று இணையத்தில் வைக்கிறது. வெளியிடக்கூடியவற்றுக்கு அது நல்ல இடம். மூலத்தையே கையளிக்க விரும்பினால் வவுனியாப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களை அணுகிக் கேளுங்கள். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் இருக்கிறது, ஆனால் முள்ளியவளையிலிருந்து ஒரு பழைய மாணவர் தன் வகுப்புப் படத்தைப் பார்க்கக் கொழும்புக்குப் போவாரா?

யாரிடம் கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். மூலமா பிரதியா, நன்கொடையா இரவலா, மூடிய உறைகள் எப்போது திறக்கப்படும், குடும்பத்துக்கு எப்போதும் பார்க்க உரிமை உண்டா, நிறுவனம் மூடப்பட்டால் பெட்டிகள் யாரிடம் திரும்பும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

பழைய மாணவர் சங்கம் பவளவிழா மலருக்கென்று பெட்டியைக் கேட்டு வரும். பெட்டியைக் கொடுக்காமல் பட்டியலைக் கொடுங்கள். வேண்டியதைக் குறித்துத் தந்தால் ஸ்கான் பிரதியை அனுப்பலாம்.